பச்சை வண்டியின் சிவப்புத் துணி

என் சட்டைப் பையில் ஒரு பல்செட் டப்பா இருந்தது. உள்ளே பல் இல்லை. ஒரு நட்டும், அது கழன்றுவிடாமல் குறுக்கே மாட்டுகிற சின்ன ஸ்பிளிட் பின்னும் இருந்தன. நடக்க நடக்க அவை கலகலவென்று சத்தம் போட்டன. அந்தச் சத்தம் வீட்டுக்குள் கேட்டுவிடுமோ என்று பயந்து, அழைப்பு மணியை அழுத்துவதற்கு முன் பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன்.

பல்செட் செய்வது என் தொழில். பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சை வைத்து, முகமே தெரியாதவர்களுக்கு வாய் நிறையப் பல் செய்து கொடுப்பேன். அந்த வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பழைய மோட்டார் சைக்கிள்களில் கிளம்பும் எட்டுப் பேரில் நாங்கள் இருவரும் உண்டு. என்னைப் 'பல்லு' என்பார்கள். அவருக்கு 'நியூட்ரல்' என்று பெயர். எங்களுக்குள் எந்தச் சண்டை வந்தாலும் இந்தப் பக்கமும் சேராமல் அந்தப் பக்கமும் சேராமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஒன்பது வயது மூத்தவர் என்பதால் நான் அண்ணன் என்றே கூப்பிடுவேன்.

அண்ணன் போய் நான்கு மாதம் ஆகிவிட்டது. நெஞ்சு வலி. சாவு அன்று நான் தெருமுனை வரைக்கும் வந்தேன். வாசலில் கூட்டத்தைப் பார்த்தேன். அப்படியே திரும்பிவிட்டேன். வளைவில் முட்டி தரையில் உரசும் அளவுக்கு வண்டியைச் சாய்க்கிறவன்தான் நான். ஆனால் ஆஸ்பத்திரி, சாவு வீடு, அழுகிற பெண்கள் என்றால் நான் அந்தப் பக்கமே போக மாட்டேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொல்கிறேன்.

முந்தின நாள் அண்ணிதான் போன் செய்தார். "தம்பி, வண்டியெல்லாம் அப்படியே நிக்குது. எதை வெச்சுக்கிறது, எதைக் கொடுக்கிறது, எதை உடைக்கப் போடறதுன்னு எனக்கு ஒண்ணும் புரியலை. நீங்க வந்து சொல்லிட்டுப் போங்க." குரலில் குத்தல் இல்லை. அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது.

கதவைத் திறந்தவர், "வாங்க தம்பி" என்றார். இளைத்திருந்தார். அண்ணனின் பழைய முழுக்கைச் சட்டையைப் புடவை மேல் போட்டிருந்தார். கையில் ஒரு கட்டு அட்டை. மூக்குக்கண்ணாடி வருகிற பெட்டிகளை வெட்டி, ஓட்டை போட்டு நூல் கோத்து, 'வைக்க', 'கொடுக்க', 'உடைக்க' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்.

வண்டிகள் நிற்பது வீட்டுக்குக் கீழே உள்ள ஷெட்டில். பதினோரு படி இறங்க வேண்டும். வண்டி வெளியே போக எதிர்ப்பக்கம் ஒரு சாய்தளம் உண்டு. ஒவ்வொரு படியிலும் டப்பா என் நெஞ்சில் தட்டியது. சரி, வேலை பெரியதில்லை, அண்ணி மேலே தண்ணீர் எடுக்கப் போகிற நேரம் பார்த்து நட்டை மாட்டிவிட்டால் விஷயம் முடிந்தது, யாருக்கும் தெரியப்போவதில்லை என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். ஆறு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, என் வண்டியின் முன் சக்கர நட்டில் மரை தேய்ந்துவிட்டது. மறுநாள் எல்லோரும் கிளம்புவதாக இருந்தோம். அந்த மாடலுக்கு இப்போது நட் கடைகளில் கிடையாது. அண்ணனிடம் அதே மாடலில் இரண்டு வண்டி உண்டு, பச்சை ஒன்று, கருப்பு ஒன்று. கருப்பு அவருக்கு உயிர். "பச்சையில இருந்து கழட்டிக்க, அது சும்மாதானே நிக்குது. திங்கக்கிழமை திரும்ப மாட்டிடு" என்றார். கழற்றிக்கொண்டேன். வண்டி சாயாமல் இருக்க ஏதோ ஒரு சாதா நட்டை அந்த இடத்தில் வைத்துக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றினேன். பின் கிடையாது, ஸ்பானர்கூடப் போடவில்லை. அந்த வண்டியை உருட்டலாம். ஓட்டினால் இறக்கத்தில் எந்த நிமிடமும் முன் சக்கரம் கையை விட்டுப் போய்விடும்.

அதற்காகத்தான் பிரேக் பிடியில் சிவப்புத் துணியைக் கட்டினேன். அது எங்கள் எட்டுப் பேரின் சட்டம். ஒருமுறை எங்களில் ஒருவர், ஆயில் வடித்து வைத்திருந்த இன்னொருவர் வண்டியைத் தெரியாமல் எடுத்துப்போய் என்ஜினையே கொன்றுவிட்டார். அன்றிலிருந்து, வேலை பாதியில் நிற்கிற வண்டிக்குச் சிவப்புத் துணி. கட்டியவன் கையால்தான் அவிழ்க்க வேண்டும். வண்டிக்குச் சொந்தக்காரராகவே இருந்தாலும் தொடக் கூடாது.

திங்கட்கிழமை நான் போகவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் போகவில்லை. பல்செட் ஒன்று அவசரம், மழை, தலைவலி என்று மழுப்பினேன். அதற்குள் அண்ணனுக்கு முதல் தடவை நெஞ்சு வலி வந்து, வீட்டோடு படுக்க வைத்துவிட்டார்கள். பிறகு எங்கே போவது? என் வண்டிக்கு லேத்தில் ஒரு நட் கடைந்து வாங்கிக்கொண்டு, பச்சையினுடையதைக் கழற்றி டப்பாவில் போட்டு வைத்ததோடு சரி.

ஷெட்டில் விளக்கைப் போட்டதும் முதலில் என் கண்ணில் பட்டது அந்தத் துணி. துவைத்து, நான்காக மடித்து, ஸ்பானர் பலகையின் மேல் இருந்தது. எண்ணெய்க் கறை போய், ஒரு நல்ல கைக்குட்டையாகத் தெரிந்தது. அடுத்ததாக, பச்சை வண்டி நிற்கிற இடத்தைப் பார்த்தேன். அங்கே வண்டி இல்லை. தரையில் ஈரம் காயாத இரண்டு சொட்டு ஆயில் மட்டும் இருந்தது.

"பச்சை எங்க அண்ணி?"

"பொண்ணு எடுத்துட்டுப் போயிருக்கா. லேபுக்கு இனிமே அதுலதான் போவேன்னு ஒரே பிடிவாதம். நேத்து பூரா பிளக்கைத் தேச்சுக்கிட்டுக் கிடந்தா. நீங்க வர்றதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடிதான் கிளம்பினா."

"துணி?" என்றேன். "அதுல ஒரு துணி கட்டியிருந்துதே?"

"நான்தான் அவுத்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். அண்ணன் மகளை எனக்கு அவள் பால்பல் விழுந்த நாளிலிருந்து தெரியும். விழுந்த பல்லை என்னிடம் கொண்டுவந்து "இதை ஒட்டிக் கொடுங்க சித்தப்பா" என்று கேட்டவள். இப்போது ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. லேபுக்குப் போகிற ரோடு முழுக்க இறக்கம். தண்ணீர்த் தொட்டி வளைவு ஒன்று இருக்கிறது, அங்கே வலது பக்கம் தடுப்புக்கூடக் கிடையாது.

அந்த இடத்திலேயே வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 'என் தப்பு' என்று இரண்டே வார்த்தை. மெதுவாகத்தான் போவாள், நட் கழன்றால் ஆட்டம் தெரியும், நிறுத்திவிடுவாள் என்று எனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு, "பாப்பாகிட்ட ஒரு விஷயம் கேக்கணும் அண்ணி, போன் போட்டுப் பாக்கறேன்" என்று பூசி மெழுகினேன்.

மணி அடித்தது. எடுக்கவில்லை. ஓட்டுகிறவள் எப்படி எடுப்பாள்?

"எடுக்க மாட்டா, ஓட்டறப்போ" என்றார் அண்ணி. "இதுக்கு என்ன கட்டட்டும்?" நீல வண்டியின் சீட்டைத் தட்டிக் காட்டினார்.

"உடைக்க" என்றேன்.

அட்டையைக் கட்டப் போனவர் நின்றார். "நீலம் தங்கம், அதை யாருக்கும் கொடுத்துடாதீங்கன்னு நேத்து போன்ல நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா. வைக்க. வைக்கன்னுதான் சொன்னேன்."

மறுபடி அழைத்தேன். மறுபடி மணி அடித்து ஓய்ந்தது. அண்ணி அடுத்த வண்டிக்குப் போனார். அடுத்தது கருப்பு. அண்ணனின் உயிர். அதன் முன்பக்கம் ஒரு மரக்கட்டைமேல் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. முன் சக்கரம் கழற்றிச் சுவரோரம் சாத்திக் கிடந்தது. அண்ணன் இதை இப்படி விட்டு வைக்கிறவர் இல்லையே என்று மனதின் ஓர் ஓரத்தில் தோன்றியது. அதை யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

"இது?"

"முழுசா இல்லை அண்ணி. கொடுத்துடலாம்."

"கருப்பையா?" என்றார். என் முகத்தையே பார்த்தார். "தம்பி, உங்களுக்கு உடம்பு சரியில்லையா? இப்படி வேர்க்குது?"

மூன்றாவது தடவை போன் எடுக்கப்பட்டது. "பாப்பா!" என்று கத்திவிட்டேன். அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல்.

"யாருங்க பேசறது? இந்தப் போனு ரோட்டுல கிடந்துச்சுங்க."

"ரோட்டுலன்னா எங்க? அங்க வண்டி கிடக்குதா? பச்சை வண்டி?"

"தண்ணித் தொட்டிகிட்டங்க. கண்ணாடி சில்லுச் சில்லா ஒடஞ்சிருக்கு. நான் நடந்து..." என்றது குரல். பிறகு ஒன்றும் இல்லை. திரும்ப அழைத்தால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று வந்தது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஷெட்டின் சிமெண்டுத் தரை சில்லென்றிருந்தது ஞாபகம் இருக்கிறது. அந்த ஆயில் சொட்டு என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அண்ணி அட்டைகளைக் கீழே போட்டுவிட்டு என் எதிரே குனிந்தார்.

"என்ன ஆச்சு? அவளுக்கு என்ன? சொல்லுங்க தம்பி!"

அப்போதுதான் சொன்னேன். நட்டைக் கழற்றியது, கையால் சுற்றிவிட்டது, துணி கட்டியது, திங்கட்கிழமை வராதது எல்லாவற்றையும் கொட்டினேன். டப்பாவைத் திறந்தும் காட்டினேன். எதற்குக் காட்டினேன் என்று தெரியவில்லை. செய்த குற்றத்துக்குச் சாட்சி காட்டுவது போல அந்த நட்டையும் பின்னையும் நீட்டினேன். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். ஒரு கணம் கருப்பு வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"வண்டியை எடுங்க" என்றார்.

பதினோரு படியை எப்படி ஏறினேனோ. வாசலில் என் வண்டியின் சாவி இரண்டு தடவை கைநழுவி விழுந்தது. இரண்டாவது தடவை அண்ணிதான் எடுத்து மாட்டினார். பின்னால் ஏறி உட்கார்ந்து என் தோளைப் பிடித்தார். அண்ணனைத் தவிர வேறு யார் பின்னாலும் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஐந்து விரலும் எலும்பில் பதிந்தன.

இருபத்தாறு வருடமாக வண்டி ஓட்டுகிறேன். அன்று இறங்கிய இறக்கம் மாதிரி ஒன்றை நான் இறங்கியதில்லை. கண்ணில் பட்டதெல்லாம் பச்சையாகத் தெரிந்தது. ஓரத்தில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் விரிப்பை வண்டி என்றே நினைத்தேன். அருகில் போனால் யாரோ மணல்மேல் மூடி வைத்தது. வண்டி ஆடுகிறதோ என்று வேகத்தைக் குறைத்தேன்.

காதருகே அண்ணியின் குரல் கேட்டது. "மெதுவா போகாதீங்க."

திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. அவருடைய மூச்சு மட்டும் என் பிடரியில் பட்டுக்கொண்டே வந்தது. அவர் புருஷனை அடக்கம் செய்த அன்று தெருமுனையில் திரும்பிப் போனவன், இன்று அவரையே பின்னால் வைத்துக்கொண்டு மகளைத் தேடிப் போகிறேன். அவள் விழுந்து கிடந்தால் நான் என்ன செய்வேன்? இந்தத் தடவையும் திரும்பி ஓடுவேனோ? உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தப் பயமும் இருந்தது.

தண்ணீர்த் தொட்டி வளைவு வந்தது.

பச்சை வண்டி ரோட்டோரம் சைடு ஸ்டாண்டில் நின்றது. ஹெல்மெட் சீட்டின்மேல் இருந்தது. ஆள் இல்லை. தடுப்பில்லாத அந்தப் பக்கம் புதர் மட்டும் அசைந்தது. அண்ணி என் வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து, "அம்மாடி!" என்று கத்திக்கொண்டு ஓடினார். அந்தக் குரல் இன்றைக்கும் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

புதருக்குள்ளிருந்து ஒரு தலை நிமிர்ந்தது.

"அம்மா? நீ எங்க இங்க?" முழங்கை வரைக்கும் மண், தலையில் ஒரு சருகு. "சித்தப்பா, நீங்களுமா? என் போன் இங்கதான் எங்கேயோ விழுந்துச்சு. கீழ பாலம் வரைக்கும் போயிட்டு அப்புறம்தான் பாத்தேன், பையில இல்லை. அஞ்சு நிமிஷமாத் தேடறேன். போட்டுப் பாருங்களேன், சத்தம் கேக்கும்."

அண்ணி அவளை இழுத்துக் கட்டிக்கொண்டார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "போன்தானேம்மா, போனா போகுது, எதுக்கு அழுவுற?" என்று அம்மாவின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

பச்சை வண்டியின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டி போட்டேன். பார்க்கவே பயமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு முதலில் விரலால் தடவினேன். விரலில் பின் தட்டுப்பட்டது.

கண்ணைத் திறந்தேன். நான் வைத்த சாதா நட் அங்கே இல்லை. சரியான நட், இறுக்கி, குறுக்கே பின் மாட்டி, பின்னின் இரண்டு காலையும் ஒட்ட வெட்டி, முனை யார் கையையும் கிழிக்காதபடி மடக்கிவிட்டிருந்தது. மூக்குக்கண்ணாடிக் கம்பியை வளைக்கிற ஆள்தான் அப்படி மடக்குவார். நட்டின் ஒரு முகத்தில் கருப்புப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. கருப்பு வண்டியின் நட்.

அண்ணி பின்னால் வந்து நின்றார். முகத்தைத் துடைத்திருந்தார்.

"இருக்கா?"

"இருக்கு அண்ணி."

"எனக்குத் தெரியாது தம்பி" என்றார். "நீங்க ஷெட்ல சொன்னப்போ, அவர் செஞ்சது இந்த வேலையைத்தானான்னு எனக்கு நிச்சயமாத் தெரியலை. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்." சக்கரத்தைப் பார்த்தபடி தொடர்ந்தார். "படி இறங்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு நாள் நான் கடைக்குப் போயிட்டு வர்றேன், கட்டில்ல ஆளைக் காணோம். கீழ போனா, ரெண்டு வண்டிக்கும் நடுவுல தரையில உக்காந்திருக்கார். கையெல்லாம் கிரீஸு. மூச்சு வாங்குது. என்ன பண்றீங்கன்னு சண்டை போட்டேன். 'பல்லு ஒரு வேலையைப் பாதியில விட்டுட்டான், முடிச்சுட்டேன்'னு சிரிச்சார். 'துணியை மட்டும் விட்டுருக்கேன், அவன்தான் அவுக்கணும், வருவான்'னார். மறுபடி மேல ஏத்தறதுக்குள்ள பாதிப் படியில உக்காந்துட்டார். அன்னைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரி. அப்புறம் வீட்டுக்கு வரலை."

மகள் கேட்டுக்கொண்டு நின்றாள். நான் யார் முகத்தையும் பார்க்காமல் அந்தப் பின்னையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாலு மாசம் பாத்தேன்" என்றார் அண்ணி. "நீங்க வரலை. நேத்து நானே அவுத்துட்டேன்."

போன் வளைவுக்குக் கீழே உள்ள கடையில் கிடைத்தது. நடந்து போன ஆள் அங்கே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மகள் அதை வாங்கிக்கொண்டு, "போயிட்டு வரேன் சித்தப்பா" என்று லேபுக்குக் கிளம்பினாள். அவள் பாலம் தாண்டுகிறவரைக்கும் நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நட் சரியாக இருக்கிறது என்று தெரிந்தும்.

திரும்ப ஷெட்டுக்கு வந்தோம். கீழே கிடந்த அட்டைகளை அண்ணி பொறுக்கினார். நான் டப்பாவைத் திறந்து நட்டை எடுத்தேன். "கருப்புக்கு இதை இப்பவே மாட்டிடறேன் அண்ணி. பத்து நிமிஷ வேலை. முடிச்சுட்டுப் போயிடறேன்" என்றேன். முடித்துவிட்டு ஓடிவிட வேண்டும், இனி இந்தப் படியில் கால் வைக்கவே கூடாது என்பதுதான் என் எண்ணம். அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"இன்னிக்கு வேண்டாம்" என்றார்.

பலகைமேல் இருந்த சிவப்புத் துணியை எடுத்து என்னிடம் நீட்டினார். சோப்பு வாசனை அடித்தது.

"கட்டிட்டுப் போங்க. நாளைக்கு வந்து வேலையை முடிச்சு நீங்களே அவுத்துடுங்க."

ஆஸ்பத்திரிக்குப் பயந்த பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. நாளைக்கும் அதே பதினோரு படி, பாதியில் அண்ணன் உட்கார்ந்த அந்தப் படி எது என்று தெரியாமலே இறங்க வேண்டும். கருப்பு வண்டியின் பிரேக் பிடியில் துணியைச் சுற்றினேன். முடிச்சு இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை விழுந்தது.

அண்ணி அதை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார்.